திலோனியாவில் எழுதத் தொடங்கிய ஆண்டறிக்கை

எங்கள் கல்லூரியின் ஆண்டு விழாவில் முதல்வர் வாசிக்கும் அறிக்கையைத் தயாரிக்கும் வேலை, 2018ஆம் ஆண்டு தமிழ்த்துறையின் பங்காக வந்து, துறையில் இளையவள் என்பதால் என் மேசைக்கு நகர்ந்தது. துறைதோறும் நிரப்பிக் கொடுத்த படிவங்கள் ஒரு கோப்பில் இருந்தன. பல்கலைக்கழகத் தரவரிசையில் இடம் பிடித்தவர்கள் எத்தனை பேர், கருத்தரங்குகள் எத்தனை, கட்டுரைகள் எத்தனை, வழங்கிய சான்றிதழ்கள் எத்தனை என்று எல்லாம் எண்ணிக்கையாகவே இருந்தன. சில துறைகளுக்கு இரண்டே ஆசிரியர்களைக் கொண்ட சிறிய கல்லூரியில் அந்த எண்களைக் கூட்டிப் பெருக்கினாலும் முதல்வர் ஐந்து நிமிடம் வாசிக்கத் தேறாது. அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் மனம் சுருங்கியது.

அந்தக் கோப்பில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. 'நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம்: 1. நாட்கள்: 7. பங்கேற்ற மாணவர்: 50.' நானும் அந்த முகாமில் இருந்தேன். பக்கத்துக் கிராமத்துக் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்கால் கருவேல முள் மண்டித் தூர்ந்து, எங்கே தொடங்கி எப்படி வளைகிறது என்பதே தெரியாமல் போயிருந்தது. வருவாய்த்துறை வரைபடத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் திகைத்து நின்றபோது, ஒரு காலத்தில் அந்தக் கண்மாய்க்கு நீர்க்கட்டியாக, அதாவது வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டு விடுபவராக இருந்த பெரியவர் ஒருவர் கைத்தடியால் தரையைக் கீறிக்கொண்டே நடந்தார். அவர் கீறிய கோட்டின் மேல்தான் ஏழு நாளும் மண்வெட்டி விழுந்தது. ஊர்ப் பெண்கள் முறைவைத்துச் சமைத்துப் போட்டார்கள். ஐப்பசியில் கண்மாய்க்குத் தண்ணீர் வந்தது. படிவத்தில் இவற்றுக்கு இடமில்லை.

கோப்பைப் பையில் போட்டுக்கொண்டுதான் அந்தப் பொங்கல் விடுமுறையில் ராஜஸ்தானுக்குப் புறப்பட்டேன். திலோனியா என்னும் கிராமத்தில், படிப்பறிவில்லாத கிராமத்து மக்களுக்கும் தொழில் கற்றுக்கொடுக்கும் 'பேர்ஃபுட் காலேஜ்', அதாவது வெறுங்கால் கல்லூரி, பல ஆண்டுகளாக நான் பார்க்க விரும்பிய இடம். இரண்டு இரவுகளை ரயிலில் கழித்து ஜெய்ப்பூரில் இறங்கியபோது அங்கே சங்கராந்தி. வானம் நிறையப் பட்டங்கள் பறந்துகொண்டிருந்தன. பொங்கலன்று வீட்டில் இல்லாமல் போனதற்கு அம்மா தொலைபேசியில் சொன்னவற்றை இங்கே எழுதாமல் விடுகிறேன். மறுநாள் அஜ்மீர் நெடுஞ்சாலையில் பேருந்தில் சென்று, சாலையின் இருபுறமும் பளிங்குப் பலகைகள் அடுக்கி வைத்திருக்கும் கிஷன்கரில் இறங்கி, அங்கிருந்து ஜீப்பில் கடுகு வயல்களுக்கு நடுவே திலோனியா போய்ச் சேர்ந்தேன். தென்தமிழ்நாட்டு வெயிலில் வளர்ந்தவளுக்கு அந்த ஜனவரிக் குளிரே தனியொரு அனுபவம்.

கல்லூரி என்றதும் எனக்குள் இருந்த படம் அங்கே கால்வைத்த முதல் மணி நேரத்திலேயே கலைந்தது. 1972இல் பங்கர் ராய் இதனைத் தொடங்கியபோது இடம் என்று கிடைத்தது, கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு காசநோய் மருத்துவமனை வளாகம். மாதம் 1 ரூபாய் வாடகைக்கு அதை அரசு கொடுத்தது. டெல்லியின் பேர்பெற்ற கல்லூரியில் படித்து, ஸ்குவாஷ் விளையாட்டில் தேசிய வாகையராகவும் இருந்த அவர், 1960களின் நடுவில் பீகாரில் பஞ்சத்தை நேரில் பார்த்தபின் கிணறு வெட்டும் கூலியாளாக ஐந்து ஆண்டுகள் கழித்துவிட்டு இந்தக் கிராமத்துக்கு வந்திருக்கிறார். சென்னையில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்து, சில காலம் கலாக்ஷேத்ராவில் பயின்று, பின்னர் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்த அருணா ராய், அந்தப் பதவியை விட்டுவிட்டு இங்கே வந்து 1983 வரை பணியாற்றினார். 1990இல் அவரும் தோழர்களும் தொடங்கிய உழைப்பாளர், உழவர் சங்கத்தின் போராட்டங்கள் 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழிவகுத்தன. திலோனியாவின் குறுகிய பாதைகளில் நடக்கும்போது, நம் ஊர்க்காரர் ஒருவர் நமக்கு முன்னால் இங்கே நடந்திருக்கிறார் என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒருவர் எனக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டினார். என் இந்தியும் அவருடைய ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருந்ததால் இருவரும் கையசைவுகளையே பெரிதும் நம்பினோம். அது அந்த இடத்துக்குப் பொருத்தம்தான் என்பதைச் சூரிய மின்சாரப் பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்ததும் புரிந்துகொண்டேன். ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலிருந்து வந்திருந்த பெண்கள் நீண்ட மேசைகளின் இருபுறமும் அமர்ந்து சர்க்கிட் போர்டுகளில் சால்டரிங் செய்துகொண்டிருந்தார்கள். பலர் நடுவயதைத் தாண்டியவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது ஓரிரு வகுப்போடு நின்றவர்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. கற்பிக்கும் ராஜஸ்தான் பெண்களின் மொழியும் அவர்களுக்குத் தெரியாது. வண்ணங்களால் குறியிட்ட படங்களைச் சுவரில் மாட்டி, பாகத்தைக் கையில் எடுத்துக் காட்டி, சைகையால் விளக்கி, தவறாகப் பற்றவைத்ததைப் பிரித்துக் காட்டி, மறுபடி செய்யச் சொல்லி, ஆறு மாதத்தில் ஒரு கிராமத்துக்குச் சூரிய விளக்குகளை அமைக்கவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொடுத்து வந்தார்கள். பயணச் செலவையும் பயிற்சிச் செலவையும் அப்போது இந்திய அரசின் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டம் ஏற்றுவந்தது.

நான் ஒரு மூதாட்டியின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் மின்தடையம் (ரெசிஸ்டர்) என்னும் சிறு பாகம் ஒன்றை எடுத்து, அதன் மேலிருந்த வண்ண வளையங்களைச் சுவரிலிருந்த படத்தோடு விரலால் ஒப்பிட்டுப் பார்த்து, உரிய இடத்தில் பொருத்தி, புகை கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஈயத்தை உருக்கினார். எனக்கும் ஒரு துண்டு கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நான் பற்றவைத்தது உருண்டு திரண்டு பக்கத்துக் கம்பியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அவர் அதை எதிர்வரிசைக்குத் தூக்கிக் காட்டியதும் கூடம் முழுக்கச் சிரித்தது. முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்றவள் ஒருத்தி அன்று அந்த வகுப்பின் கடைசி மாணவியாக இருந்தாள்.

பயிற்சி முடிந்ததும் அவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது. அங்கே யாருக்குமே கிடையாது. ஆண்களுக்குக் கற்றுக்கொடுத்தால் ஒரு தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு நகரத்துக்கு வேலை தேடிப் போய்விடுகிறார்கள், பாட்டிமார் ஊரைவிட்டுப் போவதில்லை, ஆகவே பாட்டிமாருக்கே கற்றுக்கொடுக்கிறோம் என்பது பங்கர் ராய் பல மேடைகளில் சொல்லிவந்திருக்கும் விளக்கம். கேட்பதற்குச் சுவையான பேச்சு. ஆனால் என்னால் அதை முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் வகுப்பில் இருக்கும் பெண்களில் பலர் தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். அவர்களுக்குப் பட்டச் சான்றிதழ் வெறும் தாளன்று. திருமணத்தை இரண்டு ஆண்டு தள்ளிப்போட உதவும் கேடயம், ஊரை விட்டு வெளியேறுவதற்கான நுழைவுச்சீட்டு. ஊரை விட்டுப் போவதே குற்றமாகவும் ஆகிவிடாது. இந்தத் தயக்கத்தை அந்தக் கணக்கரிடம் என் அரைகுறை இந்தியில் சொன்னபோது, அவர் சிறிது யோசித்துவிட்டு, தமக்கும் ஒரு மகள் உண்டு என்றும் அவள் அஜ்மீரில் பட்டப்படிப்பு படிக்கிறாள் என்றும் சொன்னார். அதற்குமேல் நாங்கள் அதைப் பேசவில்லை.

மாலையில் புதிய வளாகத்துக்குப் போனோம். 1980களின் பிற்பகுதியில் எழுப்பப்பட்ட இந்தக் கட்டடங்களின் பின்னே ஒரு கதை இருக்கிறது. நான் அதிகநேரம் நின்றதும் இங்கேதான். பன்வர் ஜாட் என்னும் எழுதப்படிக்கத் தெரியாத உழவரும் பன்னிரண்டு கொத்தனார்களும் ஊராருடன் சேர்ந்து கட்டியது இது என்கிறது கல்லூரி. மொட்டை மாடிகளில் மழைநீர் ஒழுகாமல் பூச்சுப் போட்டவர்கள் ஊர்ப் பெண்கள். அந்தக் கலவையில் வெல்லமும் சேர்ந்திருக்கிறது என்பது வரைக்கும்தான் வெளியாட்களுக்குச் சொல்வார்களாம். நம் ஊர்ப் பழைய வீடுகளின் சுண்ணாம்புக் காரையில் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்ததை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. எல்லாக் கூரைகளிலிருந்தும் மழைநீர் பூமிக்கடியில் ஓடி 4,00,000 லிட்டர் கொள்ளும் தொட்டியில் சேருகிறது. பாலைக்கு அண்மையிலுள்ள ஊரில் அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை, வாளியை அளந்து நிரப்பும் அவர்களுடைய கைகளைப் பார்த்தால்தான் தெரியும்.

2001இல் இந்த வளாகத்துக்குக் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது. உலக அளவில் பெரிய விருது அது. பிறகு, வளாகத்தின் வடிவமைப்பில் தமக்கும் பங்கு உண்டு என்று படித்த இளம் கட்டடக் கலைஞர் ஒருவரின் உரிமைக்குரல் எழ, விருதுக் குழு அவர் பெயரையும் சேர்க்க முற்பட, கல்லூரி 2002இல் விருதையே திருப்பிக் கொடுத்துவிட்டது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் உழைப்பு மறுபடியும் படித்தவரின் கணக்கில் ஏறுகிறது என்பது கல்லூரியின் ஆதங்கம். வரைபடம் வரைவதும் உழைப்புத்தானே என்று எனக்குத் தோன்றியது. யார் எவ்வளவு செய்தார்கள் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் சுவரில் கைவைத்துக்கொண்டு நின்றபோது பையிலிருந்த கோப்பு நினைவுக்கு வந்தது. கைத்தடியால் கோடு கீறிய நீர்க்கட்டியின் பெயரை நாங்கள் எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. எங்கள் படிவத்தில் முகாமுக்குப் பொறுப்பானவர் என்ற கட்டத்தில் இருந்தது என் பெயர்.

அன்றிரவு ஓர் இரவுப் பள்ளியையும் பார்த்தேன். பகலில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக 1975 முதல் நடத்தப்படும் பள்ளிகள் இவை. சூரிய விளக்கின் வெளிச்சத்தில் பாடம் நடக்கிறது. பிள்ளைகளே வாக்களித்துத் தங்களுக்கென ஒரு நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுத்து, பள்ளிகளை மேற்பார்வையிடுகிறார்கள். ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா என்று பிள்ளைகள் கேட்கும் அந்த ஏற்பாட்டை எங்கள் முதல்வரிடம் சொல்லலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று முடிவுசெய்தேன். பொம்மலாட்டக்காரர்கள் உலக வங்கியின் பழைய அறிக்கைகளை ஊறவைத்துக் கூழாக்கிப் பொம்மைகளின் தலையைச் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அறிக்கை எழுத வந்தவள் என்ற முறையில் வாய்விட்டுச் சிரித்தேன்.

விருந்தினர் அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அங்கேயே தயாரான ஒரு விளக்கின் அடியில் ஆண்டறிக்கையை எழுதத் தொடங்கினேன். எண்களை நீக்கவில்லை, மதிப்பீட்டுக் குழு வந்தால் அவைதான் வேண்டும், அவற்றைப் பெற மாணவர்கள் பட்ட பாடும் பொய்யில்லை. பல்கலைக்கழகத் தரவரிசையில் அந்த ஆண்டு எங்களுக்குக் கிடைத்த ஒரே இடத்தை, காலையில் பூக்கட்டி விற்றுவிட்டு வகுப்புக்கு வரும் மாணவி பெற்றாள் என்று எழுதினேன். நூலகத்தின் ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றப் பணம் திரட்டிய பழைய மாணவர்களைப் பற்றியும், அவர்களுள் கூலி வாங்காமல் ஓடு வேய்ந்து கொடுத்தவரைப் பற்றியும் எழுதினேன். முகாம் பற்றிய பகுதியில் பெயர்களுக்கு இடம் விட்டு, ஊர் திரும்பியதும் கிராமத்துக்குப் போய், சமைத்த பெண்கள் பத்தொன்பது பேரின் பெயரையும், மண்வெட்டிகள் கடன் கொடுத்தவர்களின் பெயரையும், நீர்க்கட்டியின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். இத்தனை பெயரையும் மேடையில் வாசித்தால் சிறப்பு விருந்தினர் தூங்கிவிடுவார் என்று முதல்வர் கவலைப்பட்டார். ஆனாலும் ஒன்றைக்கூட அவர் அடிக்கவில்லை.

மார்ச் மாதம் ஆண்டு விழா நடந்தது. கிராமத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து, கடைசி வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். முதல்வர் பெயர்களை வாசிக்க வாசிக்க அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பும் விசிலும் எழுந்தன. முகாமுக்குப் போயிருந்த மாணவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டினார்கள். சிறப்பு விருந்தினர் தூங்கவில்லை. விழா முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, நீர்க்கட்டிப் பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு என்னைத் தேடி வந்தார்.

"டீச்சரம்மா, என் பேரை மைக்கில வாசிச்சாங்களே, எதுக்கு? எங்கேயாவது கைநாட்டு வைக்கணுமா?"