ஜென்டி ஓடியதை எத்தனை பேர் முழுசாகப் பார்த்தார்கள்?

அதிகம் பேசப்படாத ஒரு காலேஜ் டீமில் ஆடுகிறவனுக்கு ஹெய்ஸ்மன் கோப்பை கிடைக்குமா என்று கேட்டால், கிடைக்கும், ஆனால் அந்த டீமை விட்டுப் போன பிறகுதான் கிடைக்கும் என்பதே என் பதில். அமெரிக்க ஃபுட்பால் பார்க்கிறவர்கள் நம் பக்கம் குறைவு, அதனால் ஒரு வரி: அமெரிக்கக் காலேஜ் ஆட்டக்காரர்களில் அந்த வருஷத்தின் மிகச் சிறந்தவர் என்று 1935 முதல் ஒருவருக்குக் கொடுத்துவருகிற விருது இது.

2024-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு அமெரிக்காவில் இருக்கிற பாய்ஸி ஸ்டேட் டீமின் ரன்னிங் பேக் (பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுகிறவன்) ஆஷ்டன் ஜென்டி அந்த சீசனில் 2,601 யார்டு ஓடினான். கணக்குப் போட்டால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல், அதுவும் ஒவ்வொரு அடியிலும் யாராவது காலை வாரக் காத்திருக்கும்போது. 1988-ல் பாரி சாண்டர்ஸ் போட்ட 2,628 சாதனைக்கு 27 யார்டுதான் குறைவு (சாண்டர்ஸ் அதை 11 ஆட்டத்தில் செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்). மற்ற ரன்னிங் பேக்குகள் முழங்காலை மடக்கிக் குனிந்து நிற்பார்கள். ஜென்டி பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி கையைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நிற்பான். பந்து கைக்கு வந்ததும் முதலில் வந்து இடுப்பைப் பிடிக்கிறவன் அப்படியே வழுக்கிக் கீழே போவான், இவன் தடுமாறி, சமாளித்து, ஓடிக்கொண்டே இருப்பான். அந்தத் தடுமாற்றத்துக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இருக்கிற அரை நொடியைப் பார்க்கவே நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

கோப்பை அவனுக்குக் கிடைக்கவில்லை. ஓட்டெடுப்பில் கொலராடோவின் டிராவிஸ் ஹன்டர் 2,231 புள்ளி, ஜென்டி 2,017. ஹன்டர் தகுதியில்லாதவன் என்று நான் சொல்லமாட்டேன், தாக்குதலிலும் தடுப்பிலும் முழு ஆட்டமும் நிற்கிற ஆளை இந்தக் காலத்தில் யார் பார்த்தோம்? என் கோபமெல்லாம் ஜென்டியைத் தள்ளிவைக்கச் சொல்லப்பட்ட காரணத்தின் மேல்தான். "அவன் ஆடுறது சோப்ளாங்கி டீம்களோட" என்றார்கள். சரி, அப்படியானால் ஆரகன்? அந்த வருஷம் வழக்கமான சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத டீம் அது. அவர்கள் மைதானத்துக்கே போய் 192 யார்டு, மூன்று டச்டவுன் (நம் ஃபுட்பாலில் கோல் மாதிரி) எடுத்தான், பாய்ஸி 37-34 என்று கடைசி நேரத்தில்தான் தோற்றது.

ஓட்டுப் போடுகிறவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் புரியும். நாட்டை ஆறு பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் 145 பத்திரிகைக்காரர்கள், ஆக 870 பேர், அப்புறம் உயிரோடிருக்கும் பழைய ஹெய்ஸ்மன் வீரர்கள், ரசிகர்களுக்கு மொத்தமாக ஒரே ஓட்டு. பாய்ஸியில் சாயங்காலம் 7.30-க்கு ஆட்டம் ஆரம்பித்தால் நியூயார்க்கில் மணி 9.30, முடியும்போது நள்ளிரவு தாண்டிவிடும். பகல் முழுக்க நாலைந்து பெரிய ஆட்டம் பார்த்து எழுதிக் களைத்த ஒருவர் அதற்கும் உட்கார்ந்திருப்பாரா? இங்கே கோத்தகிரியில் அப்போது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. எனக்கு அது டீ குடித்துக்கொண்டே பார்க்கிற ஆட்டம். பெரிய டீம்கள் ஆடுகிற நேரத்தில்தான் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். அதனால்தானோ என்னவோ, சின்ன டீம்கள் மேல் எனக்கு இத்தனை பாசம்.

பெயர் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு 1956 போதும். அந்த வருஷம் நோட்டர் டேம் பத்தில் எட்டு ஆட்டம் தோற்றது, கோப்பை அவர்களுடைய பால் ஹார்னங்குக்குத்தான் போனது. சின்ன டீம் பையன் எட்டுத் தோல்வியோடு வந்து நின்றால் பெயராவது பட்டியலில் வருமா? 1992-ல் சான் டியாகோ ஸ்டேட்டின் மார்ஷல் ஃபாக் இரண்டாவது இடம். 1994-ல் அல்கார்ன் ஸ்டேட் என்ற இரண்டாம் அடுக்கு டீமிலிருந்து வந்த ஸ்டீவ் மெக்நேர் மூன்றாவது இடம், அதுவே அதிசயமாகப் பேசப்பட்டது. பெரிய கான்ஃபரன்ஸுக்கு, அதாவது பெரிய டீம்கள் சேர்ந்து ஆடுகிற லீக்குக்கு, வெளியே இருந்து கடைசியாக வென்றவர் 1990-ல் பிரிகம் யங்கின் டை டெட்மர். அவருக்கும் சீசன் ஆரம்பத்திலேயே நம்பர் ஒன் மயாமியை 28-21 என்று தோற்கடிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஒருவர்கூட இல்லை.

ஆனால் என்எஃப்எல் டிராஃப்டில், அதாவது தொழில்முறை டீம்கள் வரிசையாகக் காலேஜ் பையன்களை எடுக்கிற தேர்வில், ஃபாக் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டார், மெக்நேர் மூன்றாவது, ஜென்டி ஆறாவது. தப்பாக எடுத்தால் கோடிக்கணக்கில் நஷ்டப்படுகிறவன் ஆள் அனுப்பி, உட்கார்ந்து, முழு ஆட்டத்தையும் பார்க்கிறான். ஓட்டுப் போடுகிறவருக்கு அந்த நஷ்டம் எதுவும் இல்லை.

ஒரே பொசிஷனுக்கான விருதுகளில் நிலைமை பரவாயில்லை. மார்ஷல் என்ற காலேஜின் டீமில் இருந்தபோதே ராண்டி மாஸ் 1997-ல் சிறந்த ரிசீவருக்கான (எறிகிற பந்தைப் பிடிக்கிறவர்) பிலெட்னிகாஃப் விருது வாங்கினார், ஜென்டியும் சிறந்த ரன்னிங் பேக்குக்கான டோக் வாக்கர் விருது வாங்கினான். ரிசீவரோடு ரிசீவரையும் ரன்னிங் பேக்கோடு ரன்னிங் பேக்கையும் வைத்துப் பார்க்கும்போது டீம் பெயர் கொஞ்சம் பின்னால் போய்விடுகிறது. 2024-ல் மேக்ஸ்வெல் விருதும் ஜென்டிக்கே கிடைத்தது, அது பொசிஷன் பார்க்காத பெரிய விருது. ஆகவே கதவு முழுக்க மூடியில்லை.

இப்போதைய வழி டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது ஒரு காலேஜை விட்டு இன்னொரு காலேஜ் டீமுக்கு மாற வீரர்கள் பெயர் கொடுக்கிற ஏற்பாடு. ஹன்டரே ஜாக்சன் ஸ்டேட்டில் ஆரம்பித்தவன்தான், அங்கேயே இருந்திருந்தால் இதே ஆட்டத்துக்குக் கோப்பை வந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன். கேம் வார்டு இன்கார்னேட் வேர்டில் தொடங்கி, வாஷிங்டன் ஸ்டேட் போய், மயாமி போன பிறகுதான் ஹெய்ஸ்மன் பேச்சில் பெயர் வந்தது, நாலாவது இடம். ஜென்டி பாய்ஸியிலேயே இருந்தான். அதற்காகவே அவன் மேல் எனக்குத் தனி மரியாதை.

இதை அக்கா மகனிடம் சொன்னபோது அவன் அமெரிக்காவை விட்டுவிட்டு நேராக நம் ஃபுட்பாலுக்கு வந்துவிட்டான். "மாமா, எங்க செட்லயும் இதே கதைதான்" என்றான். கூடலூர், பந்தலூர் பக்கம் செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர்) ஆடி வளர்ந்த பையன்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், மலப்புரம் காற்று அடிக்கிற ஊர், சேற்றிலும் மழையிலும் பந்து காலோடு ஒட்டியே இருக்கும். அவர்களில் ஒருவன் மலைக் காலேஜ் டீமில் விங்கில் ஆடுகிறான். காலேஜ்களுக்கிடையிலான போட்டி கீழே, கோயம்புத்தூரில். விடியற்காலை பஸ் பிடித்து, ஊட்டி ஏறி, மேட்டுப்பாளையம் இறங்கி, அந்த வெயிலில் நாக் அவுட். டீம் முதல் ரவுண்டிலேயே 2-1 என்று வெளியே. அந்த ஒரு கோல் இவன் போட்டது. கீழே இருக்கிற பெரிய காலேஜ் பையன்கள் ஃபைனல் வரை நாலு ஆட்டம் ஆடுகிறார்கள், தேர்வாளர்கள் அவர்களை நாலு முறை பார்க்கிறார்கள். தேர்வானவர்கள் பட்டியல் வந்தபோது இவன் பெயர் இல்லை. யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை, ஆனால் போட்டியை நடத்துகிற முறையே அப்படித்தானே இருக்கிறது?

லீக் முறையில் ஒவ்வொரு டீமுக்கும் குறைந்தது மூன்று ஆட்டம் கொடுக்கலாம். வருஷத்துக்கு ஒருமுறை ஆள் எடுக்கிற தேர்வை ஊட்டியில் வைக்கலாம், தேர்வாளர்கள் ஒருநாள் மலை ஏறி வரட்டும். ஹெய்ஸ்மன்காரர்களும் சீட்டில் மூன்று பெயர் எழுதுவதற்கு முன் அந்த மூன்று பேர் ஆடிய ஆட்டம் இரண்டிரண்டாவது முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன் என்று கையெழுத்துப் போடட்டும். ஹைலைட்ஸ் கணக்கில் வராது.