இசட்ஓடிபி தரவுக்கு நாமே அட்டவணை கட்டுவது

எஸ்க்யூஎல் பழகிய ஆளை இசட்ஓடிபி (ZODB) என்ற பைத்தான் தரவுத்தளத்தின் முன்னால் உட்கார வைத்தால் முதலில் கேட்பது, "டேபிள் எங்கே?" என்றுதான். டேபிள் கிடையாது. பைத்தான் ஆப்ஜெக்ட்கள் அப்படியே சேமிக்கப்படுகின்றன, ப்ளோன் என்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருளில் ஓடும் தளங்களின் உள்ளடக்கமும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பார்க்கிறவருக்கு வேண்டியது வரியும் நெடுவரிசையுமான பட்டியல், அதனால் அந்த அட்டவணையை நாம்தான் வரையறுக்க வேண்டும்.

நான் இதற்கு இசட்3சி டேபிள் (z3c.table) என்ற பைத்தான் பொதியைத்தான் எடுப்பேன். ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு சிறிய கிளாஸ்: தலைப்பு ஒன்று, எந்த இடத்தில் வரவேண்டும் என்பதற்கு வெயிட் என்ற எண் ஒன்று, கட்டத்தில் என்ன தெரியவேண்டும் என்று திருப்பிக் கொடுக்கும் ரெண்டர்செல் ஒன்று. அவ்வளவுதான், எழுதுவது எளிது.

பலரும் கவனிக்காமல் விடுவது கெட்சார்ட்கீ, வரிகளை அடுக்கும்போது ஒப்பிட வேண்டிய மதிப்பை, அதாவது விசையை, தருவது அதுதான். நாம் எழுதாவிட்டால் ரெண்டர்செல் என்ன தருகிறதோ அதையே வைத்து அடுக்கிவிடும். தேதியை 05-03-2024 என்று காட்டினால் அது வெறும் எழுத்துச்சரம், 12-01-2019க்கு முன்னால் போய் நிற்கும். காட்டுவது வேறு, அடுக்குவது வேறு என்று பிரித்துவிடுங்கள்: கெட்சார்ட்கீயில் தேதி ஆப்ஜெக்டையே கொடுங்கள், தேதி இல்லாத பதிவுகளுக்கு மிகப் பழைய தேதி ஒன்றைக் கொடுங்கள், இல்லையென்றால் பைத்தான் 3 தேதியையும் வெறுமையையும் ஒப்பிட மறுத்துப் பிழை காட்டும்.

தமிழ்த் தலைப்புகளுக்கு இது இன்னும் முக்கியம். யுனிகோட் எண் வரிசையில் புள்ளி எல்லா மெய்களுக்கும் உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது, அதனால் 'அகம்' முதலிலும் 'அக்கா' அப்புறமும் வரும், நம் அகராதியில் அது தலைகீழ். ற, ர-வை ஒட்டியே வந்துவிடும், ன ப-வுக்கு முன்னால் போய்விடும். எனவே சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்து, ஒவ்வொரு மெய்க்கும் உயிருக்கும் அகராதி வரிசைப்படி எண் கொடுத்து, புள்ளி வைத்த மெய்க்கு அகரத்தைவிடச் சின்ன எண் வைத்து, அந்த எண்களின் வரிசையை விசையாகத் தாருங்கள். ஒரே ஒரு ஃபங்ஷன், எல்லாத் தமிழ் நெடுவரிசைக்கும் உதவும். தமிழ்ப் பட்டியலைத் தமிழ் வரிசையில் காட்டாத தளத்தை முடிந்த வேலை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் வேகம். 50 பதிவுக்கு மேல் போனால் பக்கம் பக்கமாகப் பிரித்துத் தருமே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம், அடுக்குவது முதலில், பிரிப்பது பிறகு. இசட்ஓடிபியில் ஆப்ஜெக்ட் தொடும்வரை வெறும் கூடாகத்தான் இருக்கும், ஒரு பண்பைக் கேட்டவுடன் மொத்தமாக நினைவகத்துக்கு ஏறும். ஆக, திரையில் 50 வரி காட்ட எல்லாப் பதிவையும் எழுப்புகிறோம், அவற்றை நினைவகத்தில் வைத்திருக்கும் கேஷுக்கோ ஒரு கனெக்ஷனுக்கு இத்தனை ஆப்ஜெக்ட்தான் என்று வரம்பு உண்டு. பதிவுகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் அட்டவணைக்கு ஆப்ஜெக்ட்களைக் கொடுக்காமல் கேட்டலாக் (ப்ளோன் தேடலுக்காக வைத்திருக்கும் குறிப்பேடு) தேடலின் முடிவுகளைக் கொடுங்கள், காட்டவேண்டிய புலங்களை, முடிவோடு சேர்ந்தே வரும் மெட்டாடேட்டாவில் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள், ரெண்டர்செல்லுக்குள் முழு ஆப்ஜெக்டையும் எழுப்பும் கெட்ஆப்ஜெக்ட் அழைப்பு ஒன்றுகூட இருக்கக்கூடாது. தமிழ் விசையையும் அங்கேயே ஒரு இண்டெக்ஸாகப் போட்டுவிட்டால் அடுக்கும் வேலையைக் கேட்டலாக்கே பார்த்துக்கொள்ளும், அட்டவணையின் சொந்த அடுக்கலை மட்டும் நிறுத்திவிடுங்கள்.