உண்ணிக்கடியும் நெஞ்செரிச்சலும்

உண்ணி கடித்து வருகிற லைம் நோய் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது மூட்டு வலியைப் பற்றித்தான். அப்புறம் அசதி, அதற்கும் அப்புறம் ஞாபக மறதி. மூன்றும் எனக்கு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ராத்திரியில் எழுப்பி உட்கார வைத்தது நெஞ்செரிச்சல்தான். கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டால் வருமே, அந்த மாதிரி இல்லை. தொண்டை வரைக்கும் புளித்துக்கொண்டு ஏறி, சில சமயம் மூக்கு வரைக்கும் எதுக்களித்து, இருமி இருமி எழுந்து உட்கார்ந்தால் விடியும்போது குரலே கட்டிப்போயிருக்கும். மருத்துவரிடம் சொன்னால், இவ்வளவு பெரிய நோய்க்கு நடுவில் இதையும் சொல்கிறாயே என்கிற மாதிரி ஒரு பார்வை. எழுதிக் கொடுத்தது இன்னொரு மாத்திரை, அவ்வளவுதான்.

நான் படித்ததையும் பட்டதையும் வைத்துச் சொல்கிறேன். என் எரிச்சலில் பெரும்பங்கு நேரடியாகக் கிருமியால் வந்ததில்லை. லைமுக்காக நாம் செய்துகொள்கிற காரியங்களால் வந்தது: விழுங்குகிற மாத்திரை, வலிக்குப் போடுகிற மாத்திரை, நாளெல்லாம் படுத்துக் கிடப்பது. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஒரு தெம்பு வந்தது. கிருமியை நான் ஒன்றும் செய்ய முடியாது, இதையெல்லாம் மாற்ற முடியுமே.

நோயைப் பற்றி இரண்டு வரி. லைம் என்பது அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் ஓர் ஊர். 1970களில் அந்தப் பக்கத்துக் குழந்தைகள் பலருக்கு ஒரே சமயத்தில் மூட்டு வீங்கியது, மருத்துவர் ஆலன் ஸ்டீரும் அவரோடு இருந்தவர்களும் ஆராய்ந்து 1977-ல் அதைப் பற்றி எழுதினார்கள். சில வருடங்கள் கழித்து வில்லி பர்க்டார்ஃபர் என்ற விஞ்ஞானி உண்ணிக்குள்ளே அந்தச் சுருள் கிருமியைக் கண்டுபிடித்தார், பொரேலியா பர்க்டார்ஃபெரி என்று அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அது போய் உட்காரும் இடங்கள் தோல், மூட்டு, நரம்பு, இதயம். நெஞ்செரிச்சல் அந்த வழக்கமான பட்டியலில் இல்லை. வயிற்றுக்குப் போகிற வேகஸ் நரம்பைக் கிருமி பிடித்துக்கொண்டதால்தான் எரிகிறது என்று அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நரம்பைத் தாக்கும் நோய்தான், அதனால் அந்தப் பேச்சை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. ஆனால் அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் மேசை மேல் இருக்கிற மாத்திரை டப்பாவைத் திறந்து பார்க்கத் தோன்றாது, அதுதான் எனக்கு அதில் பிடிக்காத விஷயம்.

டப்பாவில் முதலில் இருப்பது டாக்ஸிசைக்ளின். லைமுக்குப் பெரும்பாலும் இதுதான் முதல் மருந்து, பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. நல்ல மருந்து, குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீரில் கரைந்தால் காட்டமான அமிலம் அது. வாயில் போட்டு ஒரு மடக்கு தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தால், அந்த மாத்திரை இரைப்பைக்குப் போய்ச் சேராமல் உணவுக்குழாயிலேயே எங்கேயாவது ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைகிறது. கரையும் இடத்தில் புண். நடு நெஞ்சுக்குப் பின்னால், விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி ஒரே இடத்தில் வலிக்கும்; எச்சில் விழுங்கினாலும் வலிக்கும், தண்ணீர் இறங்குவது எங்கே வரைக்கும் வந்திருக்கிறது என்று உள்ளே தெரியும். எதுக்களிக்கும் அமிலத்தின் எரிச்சல் வேறு, இது வேறு. ஆனால் இரண்டும் ஒன்றுசேர்ந்தால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, ஏற்கெனவே புண்ணாக இருக்கிற இடத்தில் அமிலமும் வந்து படுகிறது அல்லவா.

எனக்கு எழுதிக் கொடுத்த சீட்டில் ‘காலை, இரவு’ என்று மட்டும்தான் இருந்தது. இரவு என்றால் யாராக இருந்தாலும் படுக்கப்போகும் நேரத்தில்தானே போடுவார்கள்? மருந்துக்கடையில் இருந்தவர்தான் கேட்டார், “ராத்திரி மாத்திரையைப் போட்டுவிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பீர்கள்?” நான் முழித்தேன். “ராத்திரிச் சாப்பாட்டோடு போடுங்கள், ஒரு தம்ளர் தண்ணீர் முழுசாகக் குடியுங்கள், அரை மணி நேரமாவது சாயாதீர்கள், ஒரு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது” என்றார். அவ்வளவுதான், புது மருந்து ஒன்றும் இல்லை. விழுங்கும்போது குத்துகிற அந்த வலி கொஞ்ச நாளில் போய்விட்டது. எதுக்களிப்பு போகவில்லை, ஆனால் எது எதனால் என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

அடுத்தது கடிகாரச் சண்டை. டாக்ஸிசைக்ளினோடு கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், இரும்பு இவையெல்லாம் சேர்ந்தால் மருந்தைப் பிடித்துக் கட்டிவிடும், உடம்பில் சரியாக ஏறாது. நெஞ்சு எரிகிறதென்று நாம் ஓடிப்போய் வாயில் போடுகிற அமில முறிவு மாத்திரைகளில் இருப்பதோ இவற்றில் முதல் மூன்றும்தான். பாலும் அப்படித்தான், எரிச்சலுக்கு ஒரு தம்ளர் பால் குடித்துவிட்டு அதோடே மாத்திரையைப் போடுகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். இரைப்பையில் மிதந்து மேலே ஒரு மூடி மாதிரி நிற்கும் ஆல்ஜினேட் திரவம் எனக்கு மிகவும் உதவியது, ஆனால் அதிலும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் கலந்திருக்கும். ஆக, எரிச்சலை அடக்குகிற மருந்து கிருமி மருந்தைக் கெடுக்கிறது, கிருமி மருந்து எரிச்சலைக் கிளப்புகிறது. வழி என்னவென்றால் இடைவெளிதான், இரண்டு மூன்று மணி நேரமாவது. ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் மாதிரி அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகளுக்குத் தனி விதி: காலையில் முதல் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும், அப்போதுதான் அமிலம் சுரக்கும் பம்புகள் வேலையைத் தொடங்கும் நேரத்தில் மருந்து போய் அவற்றை அடைக்கும். எரிகிற நேரத்தில் எடுத்துப் போட்டால் உடனே ஒன்றும் நடக்காது.

என் நாள் இப்படி ஆனது: எழுந்ததும் பான்டோபிரசோல், கொஞ்சம் கழித்துச் சாப்பாட்டோடு டாக்ஸிசைக்ளின், பாலும் கால்சியமும் நடுப்பகலில், ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்து அதோடு இரண்டாவது டாக்ஸிசைக்ளின், படுக்கும் நேரத்துக்கு ஆல்ஜினேட். லைம் மூளையை வைத்துக்கொண்டு இதையெல்லாம் ஞாபகம் வைப்பது நடக்கிற காரியம் இல்லை, அதனால் போனில் அலாரம் வைத்தேன், அதுவும் எந்த மாத்திரை என்று பெயர் போட்டு. வெறும் மணி அடித்தால் எதற்கு அடிக்கிறது என்று நின்று யோசிப்பேன்.

டாக்ஸிசைக்ளின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அமாக்ஸிசிலினோ செஃபுராக்ஸிமோ கொடுப்பார்கள். செஃபுராக்ஸிம் மாத்திரை என்றால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அது உடம்பில் ஏற இரைப்பை அமிலம் வேண்டும், அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளோடு சேர்த்தால் குறைவாகத்தான் ஏறும். இரண்டையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்தால் வாய் திறந்து கேட்பதில் தப்பில்லை.

வலி மாத்திரைக்கு வருவோம். முழங்கால் வீங்கி நடக்க முடியாதபோது ஐபுபுரோஃபெனும் நாப்ராக்சனும்தான் கைக்கு வரும். இவை இரைப்பையின் உள்தோலைக் காக்கும் பொருள்கள் சுரப்பதையே குறைத்துவிடுகின்றன, அதனால் சாப்பாட்டோடு போட்டாலும் முழுப் பாதுகாப்பு இல்லை, ஆபத்து ரத்தத்தின் வழியாகவும் வருகிறது. பாராசிட்டமாலுக்கு மாறினேன், வலி முழுசாக அடங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெந்நீர் ஒத்தடம், கொஞ்சம் பொறுமை. நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் அமிட்ரிப்டிலின் கொடுத்திருந்தால் அதையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள், இரைப்பை காலியாவதை அது மெதுவாக்கக்கூடும். நிறுத்தச் சொல்லவில்லை, கேட்கச் சொல்கிறேன்.

படுக்கை விஷயம்தான் இருப்பதிலேயே கஷ்டம். “சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்காதீர்கள்” என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். லைம் அசதி என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியுமா? தட்டைக் கழுவி வைப்பதற்குள் உடம்பு தரையில் சரிகிறது. உட்கார்ந்திருப்பதே ஒரு வேலை. நான் கண்டுபிடித்த சமாதானம், நிமிர்ந்து உட்கார முடியாவிட்டாலும் சாய்ந்து கிடக்கலாம் என்பது. முதுகு சாயும் நாற்காலி, கழுத்துக்கு ஒரு துணிச் சுருள், காலைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே கண்ணை மூடுவேன். ராத்திரிக்குக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து 15, 20 சென்டிமீட்டர் உயர்த்தினோம். தலையணையை அடுக்குவது உதவாது, அது கழுத்தையும் வயிற்றையும் மடக்கி இரைப்பையை இன்னும் அழுத்துகிறது. இடுப்பிலிருந்து மேலே முழுக்கச் சரிவாக இருக்க வேண்டும். முதல் சில ராத்திரிகள் கால்பக்கம் வழுக்கிக்கொண்டே போனேன், போர்வை ஒருபக்கம் நான் ஒருபக்கம். அப்புறம் பழகிவிட்டது. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே தொங்குகிறது, வலதுபக்கம் படுத்தால் நேர்மாறு. ஆனால் எனக்கு வலி பிடித்திருந்தது இடது தோளில்! கைக்கு அடியில் ஒரு மெத்தென்ற தலையணையை அணைத்துக்கொண்டு தோளில் பாரம் விழாமல் படுக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே எல்லாம் படித்திருப்பீர்கள். கொழுப்பு, காபி, சாக்லேட், மது, வயிறு முட்டச் சாப்பிடுவது. எல்லோருக்கும் எல்லாமே எரிவதில்லை, எது எரிகிறதோ அதை மட்டும் விடுங்கள். லைமில் ஏற்கெனவே சாப்பிட முடியாமல் இளைத்துப்போகிறோம், இதில் பட்டியல் போட்டுப் பட்டினி கிடக்க வேண்டாம். புதினா மட்டும் எச்சரிக்கை, வயிற்றுக்கு நல்லதென்று குடிப்போம், ஆனால் உணவுக்குழாயின் கீழ்வாயைத் தளர்த்திவிடும்.

ஒமெப்ரசோல் வகை மாத்திரைகளைப் பற்றி இரண்டு பக்கமும் கத்துகிறார்கள், ஒரு பக்கம் விஷம் என்கிறது, இன்னொரு பக்கம் வாழ்நாள் முழுக்கப் போடலாம் என்கிறது. எனக்கு அது தேவைப்பட்டது, போட்டேன். ஆனால் லைம்காரர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு உண்டு. நீண்ட நாள் போட்டால் பி12-ம் மெக்னீசியமும் குறையலாம். பி12 குறைந்தால் அசதி, கை கால் மரத்துப்போவது, ஞாபகம் தடுமாறுவது. இது எல்லாம் எதைப்போல இருக்கிறது? லைம் திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அலைவதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை போதும். இரண்டாவது, ஆன்டிபயாடிக்கும் இந்த மாத்திரையும் சேரும்போது குடலில் சி. டிஃபிசில் என்ற கிருமி பெருகும் வாய்ப்பு கூடுகிறது. ஒரே நாளில் பலமுறை தண்ணீராகப் போனால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் போய்க் காட்டுங்கள்.

நிறுத்தும்போது மெல்ல நிறுத்துங்கள். 2009-ல் டென்மார்க்கில் எரிச்சலே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு இந்த வகை மாத்திரையைச் சில வாரம் கொடுத்து நிறுத்திப் பார்த்தார்கள், அவர்களில் பலருக்கு நிறுத்தியபின் புதிதாக எரிச்சல் வந்தது. அடக்கி வைத்த அமிலம் சிலகாலம் கூடுதலாகச் சுரக்கிறது. இது தெரியாவிட்டால் “பார், மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது” என்று பழையபடி ஆரம்பித்துவிடுவோம்.

இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெச். பைலோரி என்ற கிருமிக்குப் பரிசோதனை பார்க்கச் சொன்னால் நீங்கள் எடுக்கும் ஆன்டிபயாடிக்கைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூச்சுப் பரிசோதனைக்கு நான்கு வாரம் ஆன்டிபயாடிக் இல்லாமலும் இரண்டு வாரம் ஒமெப்ரசோல் வகை இல்லாமலும் இருந்தால்தான் முடிவை நம்பலாம், இல்லாவிட்டால் இருக்கிற கிருமியே இல்லை என்று வந்துவிடும்.

இன்னொன்று, இதை மட்டும் அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் வருவதெல்லாம் அமிலம் இல்லை. லைம் கிருமி இதயத்தின் மின்னோட்டப் பாதையைத் தாக்கக்கூடும், நூறில் ஒருவருக்கு என்ற அளவில்தான், ஆனால் சில மணி நேரத்திலேயே முற்றிவிடக்கூடியது. படபடப்பு, தலைசுற்றல், மயக்கம் வருகிற மாதிரி இருப்பது, மூச்சு வாங்குவது, இவற்றோடு நெஞ்சு அடைத்தால் ஆல்ஜினேட் பாட்டிலைத் தேடாதீர்கள், ஈசிஜி எடுக்கப் போங்கள். சாப்பாடு தொண்டையில் சிக்குவது, கறுப்பாக மலம் போவது, ரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது, இதற்கெல்லாம் எண்டோஸ்கோபி தள்ளிப்போடக் கூடாது.

எரிச்சல் தீரவில்லை என்றால் ஆன்டிபயாடிக்கை இன்னும் சில மாதம் நீட்டினால் சரியாகும் என்று சொல்கிறவர்களும் உண்டு. 2016-ல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், லைம் தொந்தரவுகள் நீடித்தவர்களுக்கு முதல் சிகிச்சைக்குப் பிறகு 12 வாரம் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தும் மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட வாழ்க்கைத்தரம் மேம்படவில்லை. என் இரைப்பையை வைத்துப் பார்த்தால் கூடுதல் மாத்திரை என்பது கூடுதல் எரிச்சல்தான்.

டாக்ஸிசைக்ளின் முடிந்துவிட்டது. பான்டோபிரசோலைப் பாதியாக்கியிருக்கிறேன், எரிகிற ராத்திரிக்கு ஃபாமோடிடின் என்ற இன்னொரு அமிலம் குறைக்கும் மாத்திரை வைத்திருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் மரக்கட்டைகள் அப்படியேதான் இருக்கின்றன, எடுக்கிற யோசனை இல்லை. காலையில் தொண்டை இன்னும் கொஞ்சம் கரகரக்கிறது. அடுத்த முறை போகும்போது அதையும் பி12 பரிசோதனையையும் கேட்கப் போகிறேன், இந்த முறை தாளில் எழுதி எடுத்துக்கொண்டு.