வீட்டு வைஃபைக்கு இரண்டு கடவுச்சொற்கள்

வீட்டு ரவுட்டருக்குக் கடவுச்சொல் ஒன்றல்ல, இரண்டு என்பது எனக்கே வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. வைஃபையில் இணைவதற்காகக் கைப்பேசியில் தட்டுவது ஒன்று. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைவதற்கானது மற்றொன்று. பின்னதை 'அட்மின்' என்றே விட்டுவைத்தால், வைஃபையில் இணைந்துள்ள ஏதோ ஒரு கருவியில் புகுந்த தீநிரல்கூட டிஎன்எஸ் (தளப் பெயர்களுக்குரிய இணைய முகவரியைத் தேடித் தரும் சேவை) அமைப்பை மாற்றி, நம்மைப் போலித் தளங்களுக்குத் திருப்பிவிட முடியும். ஆகவே, பிரவுசரில் 192.168.1.1 அல்லது ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள முகவரியைத் திறந்து, முதலில் அந்த இரண்டாவது கடவுச்சொல்லை மாற்றினேன்.

அடுத்தது பாதுகாப்பு முறை. 1997இல் வந்த வெப் (WEP) என்ற முறையின் குறைபாடு 2001இலேயே அம்பலமாகிவிட்டதால், அதைத் தொடவே வேண்டாம். கருவிகள் ஏற்குமானால் 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3, இல்லையேல் டபிள்யூபிஏ2.

டபிள்யூபிஏ2 முறையில் கடவுச்சொல்லின் நீளம்தான் உயிர்நாடி. ஒரு கருவி இணையும்போது நடக்கும் தகவல் பரிமாற்றத்தை வெளியே இருப்பவர் பதிவுசெய்துகொண்டால், பிறகு ரவுட்டரின் பக்கமே வராமல், தம் கணினியிலேயே கோடிக்கணக்கான சொற்களை ஆற அமரப் பொருத்திப் பார்க்கலாம். 8 முதல் 63 எழுத்துகள் வரை இடமிருக்க, எட்டோடு நிறுத்திக்கொள்வது கஞ்சத்தனம். தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து வைத்தால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் கடினம்.

வைஃபையின் பெயரையும் மாற்ற வேண்டும் என்பதற்கு அழகைத் தாண்டிய காரணம் உண்டு. கடவுச்சொல்லுடன் அந்தப் பெயரையும் சேர்த்து 4096 சுற்றுகள் கலக்கித்தான் திறவுகோல் உருவாகிறது. பலரிடமும் உள்ள பொதுப் பெயர்களுக்கு அந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டு வைத்துவிட முடியும். பெயரை மறைத்து வைப்பதால் மட்டும் பயனில்லை, ஏனெனில் இணையும் கருவிகளே அதை வெளியே சொல்லிவிடுகின்றன.

பலர் கவனிக்காமல் விடுவது டபிள்யூபிஎஸ், அதாவது நீளமான கடவுச்சொல்லைத் தட்டாமலேயே ஒரு பொத்தானாலோ எண்ணாலோ கருவிகளை இணைக்கும் வசதி. அதன் 8 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு மட்டுமே. மீதியையும் ரவுட்டர் இரண்டு துண்டுகளாகவே சோதிப்பதால், பத்துக் கோடி வாய்ப்புகள் வெறும் 11,000ஆகச் சுருங்கிவிடுகின்றன. 2011இல் வெளிவந்த குறை இது. வசதி போனாலும் பரவாயில்லை என்று நான் அதை அணைத்துவிட்டேன். எல்லாவற்றையும் ஐந்து நிமிடங்களில் முடித்த எனக்கு, அச்சுப்பொறியின் சின்னஞ்சிறு திரையில் அந்த நீளமான கடவுச்சொல்லை உள்ளிடத்தான் அரைமணி நேரம் பிடித்தது.