வில்பட்டி வீட்டில் ஒரு பூண்டு ஓவியம்

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் இருந்து வில்பட்டிக்கு டாக்ஸிக்காரர் கேட்டது 700 ரூபாய். டவுன் பஸ் போகிற தூரம் அது! பேசிப் பேசி 500-க்கு இறங்கினார், அதுவும் அநியாயம்தான். தங்கும் அறையின் வாடகையே 900 என்றால் என் பட்ஜெட்டை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மழை வலுத்ததால் ஏறிவிட்டேன், எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஏரி, பைன் காடு எல்லாம் அப்புறம் எழுதுகிறேன். வில்பட்டியில் நான் தங்கிய வீட்டு ஹாலில் மாட்டியிருந்த ஓவியத்தைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

ஒரு சின்ன அறை. மூலையில் கட்டில், மடித்த கம்பளி. மிச்ச இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, கூரை முட்ட ஒரே ஒரு மலைப்பூண்டு. தரையில் அரிக்கேன் விளக்கு, கண்ணாடிக்குள் சுடர் எரிய வேண்டிய இடத்தில் தண்ணீர். பூண்டுக்கு மேலே விரித்த குடை. ஆனால் சுவரில் விழும் குடையின் நிழல் மட்டும் மடங்கி இருக்கிறது!

பக்கத்து அறையில் தங்கியிருந்த கோவைக்காரர் உடனே அகராதி விரித்தார். பூண்டு என்றால் திருஷ்டி, விளக்கு என்றால் அறிவு, குடை என்றால் பாதுகாப்பு. எனக்கு இந்த வாசிப்பு பிடிக்கவே பிடிக்காது. 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களுக்கு அது பொருந்தும். அங்கே மண்டையோடு மரணம், மணற்கடிகாரம் ஓடுகிற காலம். வரைந்தவருக்கும் பார்த்தவருக்கும் அது தெரியும். கனவில் வருவதுபோல, நடக்க முடியாததை வரைகிற சர்ரியலிஸ்டுகளிடம் அந்த அகராதி செல்லாது. பெல்ஜிய ஓவியர் ரெனே மாக்ரித் 1952-இல் வரைந்த ஒரு படத்தில் சீப்பு, தீக்குச்சி, சோப்பு, கண்ணாடித் தம்ளர் எல்லாம் ராட்சத அளவில் ஒரு படுக்கையறையை அடைத்து நிற்கும். கட்டில் மேல் நிற்கும் சீப்பு கட்டிலைவிடப் பெரியது. தன் பொருள்களைக் குறியீடுகளாகப் பிரித்துப் படிப்பதை அவர் விரும்பவில்லை. சீப்பு எதைக் குறிக்கிறது என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. இவ்வளவு பெரிய சீப்பு இருக்கும் அறையில் மனிதன் எங்கே படுப்பான் என்று கேட்டால்தான் படம் பேசத் தொடங்கும்.

மதியம் வீட்டுக்கார அக்கா பூண்டுக்குழம்பு வைத்தார். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மலைப்பூண்டு, முழுப் பல்லாக, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க. காரம் மூக்கில் ஏறியது. 150 ரூபாய்க்குச் சோறும் குழம்பும் கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தன. இந்தப் பயணத்தில் நான் மனதாரக் கொடுத்த காசு இதுதான். மூன்றாம் முறை சோறு போடும்போது ஓவியத்தைப் பற்றிக் கேட்டேன். அவருடைய அண்ணன் மகன் வரைந்ததாம்.

“அப்போ எங்களுக்கு ஒரே ரூம்தான் தம்பி. பூண்டு எடுத்தா அது உள்ள இருக்கும், நாங்க திண்ணையில படுப்போம், நல்ல விலை வர்ற வரைக்கும். கூரை ஒழுகும். குடை எங்களுக்கு இல்ல, பூண்டுக்கு.”

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அந்தப் பூண்டை ஓவியர் பெரிதாக்கவே இல்லை. அந்த வீட்டில் அது இருந்த அளவே அதுதான். விளக்கில் நிற்பது கூரை ஒழுகிய தண்ணீர். மடங்கிய நிழலைப் பற்றி அக்காவுக்கு எதுவும் தெரியவில்லை. சரக்கு விலைபோன அன்றுதான் குடையை மடக்கியிருப்பார்கள், நிழல் அந்த நாளுக்கு முன்கூட்டியே போய்விட்டது என்று நான் நினைக்கிறேன். கோவைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை, கைகழுவும் வரை வாதாடினோம்.

இங்கே சாப்பாடு வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். பூண்டுக்குழம்பு என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள்.