நத்தார் பகலில் யார் வீட்டுக்குப் போவது

கொழும்புச் சபைகளில் வீட்டுச் சந்திப்புப் பணி செய்பவர்களுக்கு இது தெரியும்: தனியாக இருப்பவர்களுக்கு மிகவும் பாரமான நேரம் நத்தார் இரவு அல்ல, 25ஆம் திகதி பகல்தான். காலை ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுத்து வாழ்த்தியதும் எல்லோரும் அவரவர் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருக்கும் தாய்க்கு ரொறன்ரோ மகன் போன் எடுப்பது அங்கே விடிந்த பிறகு. டிசம்பரில் இரண்டு ஊருக்கும் பத்தரை மணித்தியால வித்தியாசம். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே இரவு 7.30. லண்டன் பிள்ளைகள் பிற்பகலில் எடுப்பார்கள். மெல்பேர்ண் பிள்ளைகளோ இங்கே ஆராதனை நடக்கும்போதே எடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். அதனால் சந்திப்புப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் பிள்ளை இருக்கும் ஊரையும் எழுதி, அதற்கேற்ப நேரம் போட வேண்டும்.

கரோல் சுற்று இதற்கு ஈடாகாது. இருபது பேர் வந்து இரண்டு பாட்டுப் பாடிவிட்டு ஐந்து நிமிடத்தில் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். தேவைப்படுவது இரண்டே பேர், முக்கால் மணித்தியாலம், முன்கூட்டியே சொன்ன நேரம். "நேரம் கிடைத்தால் வாறோம் அன்ரி" என்று சொல்லிவிட்டுப் போகாமல் விடுவதைப்போல மனதை நோகடிப்பது வேறில்லை. அவர் சேலை மாற்றி, பற்றீஸ் பொரித்து மூடிவைத்து, லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய பார்சல் வேண்டாம். சீனி வருத்தம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு சின்னத் துண்டு கேக் கொண்டுபோனால் போதும். அவர் போட்டுத்தரும் தேத்தண்ணியை உட்கார்ந்து குடியுங்கள். கிளம்புமுன் அவருடைய போனில் சார்ஜும் டேட்டாவும் இருக்கிறதா, சத்தம் குறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மகன் எடுத்தும் மணி கேட்காமல் போன வீடுகள் உண்டு.

அந்த வருடம் யாராவது இறந்த வீடு என்றால் அதுவே பட்டியலில் முதலாவது. இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். சொன்னால் அழுவார் என்று பயந்து எல்லோரும் தவிர்ப்பதால், அந்தப் பெயரைக் கேட்கவே அவர் ஏங்கிப்போயிருப்பார்.

"கர்த்தர் இருக்கும்போது உங்களுக்கு என்ன தனிமை?" என்று மட்டும் கேட்கக்கூடாது. அதோடு அவர் வாயை மூடிவிடுவார். ஒரே ஒரு பகுதியை வாசித்தால் போதும். "தேவன் தனிமையானவர்களுக்கு வீடுவாசல் ஏற்படுத்தி" என்று வரும் 68ஆம் சங்கீதம், அல்லது லூக்கா 2இல் இராத்திரியில் மந்தையைக் காத்த மேய்ப்பர்கள். குடும்பம் உடைந்தவர்களுக்கு மத்தேயு முதலாம் அதிகாரம் நல்லது. குடும்ப வாழ்வில் சிக்கலும் அவப்பெயரும் கண்ட தாமாரும், ராகாபும், உரியாவின் மனைவியும் இருக்கும் இயேசுவின் வம்ச வரலாறு அது. தனக்கு நிச்சயிக்கப்பட்ட மரியாளை இரகசியமாக விலக்கிவிட யோசேப்பு யோசித்ததும் அங்கேதான் வருகிறது. குறையில்லாத குடும்பம் பார்த்து இயேசு வந்து பிறக்கவில்லை. இதைக் கேட்டதும் முகம் நிமிர்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அதிகம் பிழைத்துப்போவது சமரசம் செய்யும் ஆசையில்தான். பேசாமல் இருக்கும் சகோதரர் இருவரை, ஒருவருக்கும் சொல்லாமல் ஒரே மேசைக்கு அழைப்பார்கள். சாப்பாடு முடியுமுன் காணி உறுதியும் சீதனக் கணக்கும் வெளியே வரும். பிறகு இருவரில் ஒருவர் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிடுவார். அதைவிட, 20ஆம் திகதிக்கு முன் நீங்கள் சந்திக்கும் சகோதரரே மற்றவருக்கு மூன்று வரிச் செய்தி ஒன்றை அனுப்ப உதவலாம்: சுகம் விசாரிப்பு, பழைய நல்ல நினைவு ஒன்று, வாழ்த்து. நியாயம் பேசவேண்டாம், பதிலும் கேட்கவேண்டாம். "கூடுமானால் உங்களாலானமட்டும்" சமாதானமாயிருங்கள் என்றுதான் பவுலும் ரோமருக்கு எழுதுகிறார். மற்றவருடைய பங்கு மற்றவருடையது. அடி உதை தாங்காமல் வீட்டைவிட்டு வந்த பெண்ணிடம் "பண்டிகைக்காவது திரும்பிப் போ பிள்ளை" என்று சொல்லவே கூடாது. மன்னிப்பது வேறு, ஆபத்தான வீட்டுக்குத் திரும்புவது வேறு. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938 ஐ அவர் கையில் கொடுங்கள்.

"இருந்து என்ன பலன்" என்ற பேச்சு வந்தால், சாகவேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வராது. வருகிறது என்றால் அவரைத் தனியே விட்டுக் கிளம்பாதீர்கள். அவர் பக்கத்தில் இருந்தே தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926க்கு போன் எடுத்துக் கொடுங்கள்.

டிசம்பரில் பத்துப்பேர் வந்து ஜனவரியில் ஒருவருமே எட்டிப்பார்க்காத வீடுகள் இந்த நகரில் நிறைய. அதனால் ஜனவரிச் சந்திப்பின் திகதியை நத்தார் அன்றே அவருடைய சுவர்க் கலண்டரில் குறித்துவிட்டு வரவேண்டும். போகிறவர்களும் அதே இருவராக இருக்கட்டும். புதுமுகம் என்றால் அவர் எல்லாவற்றையும் முதலில் இருந்து சொல்லவேண்டி வரும்.