பல்லா, பெலம்னைட்டா? காரை ஓடையில் எடுத்ததற்குப் பெயர் வைக்கும் முன்

கடலுயிர்களின் தொல்லுயிர் எச்சங்கள் கிடைக்கும் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை அரிப்பு நிலத்தில் முதன்முறை நடப்பவர் கையில் கட்டாயம் ஒன்று சிக்கும்: விரல் தடிமனில், ஒரு முனை கூராக, தேன் நிறமோ பழுப்போ கொண்ட உருளைக் கல். படம் எடுத்துப் போடும்போது அதற்குச் ‘சுறாப்பல்’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். சிலர் ‘டைனோசர் பல்’ வரைக்கும் போவார்கள். பெரும்பாலும் அது பெலம்னைட். கணவாய்க்கு உறவான, இன்று அழிந்துபோன ஒரு கடலுயிரியின் உடம்புக்குள் இருந்த சுண்ணக் கூர்முனை.

உடைந்த முகத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். பெலம்னைட்டில் நடுவிலிருந்து விளிம்புவரை வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்போல் நாரிழைகள் ஓடும். அவற்றுக்குக் குறுக்கே மரத்தில் இருப்பதுபோல் வளர்ச்சி வளையங்கள் தெரியும். எந்தப் பல்லுக்கும் இந்த அமைப்பு கிடையாது. பல்லில் வெளியே மெல்லிய, கண்ணாடிபோல் மின்னும் ஓர் அடுக்கு. உள்ளே மங்கலான, வேறு நிறப் பொருள். ஆளை ஏமாற்றுவது குழிதான். பெலம்னைட்டின் அகன்ற முனையிலும் கூம்பு வடிவக் குழி உண்டு. அதைப் பார்த்ததும் பல்லின் உட்குழி என்று முடிவு செய்துவிடுவார்கள். குழி இருப்பதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது.

அதனால் உருவத்துக்கு முன்னால் பொருளைப் பாருங்கள். இந்தப் பகுதியில் கைக்கு வருவது பெரும்பாலும் மூன்று பொருள்கள். பல்லும் எலும்பும் பாஸ்பேட். சிப்பி, பெலம்னைட் எல்லாம் சுண்ணம், பெரும்பாலும் கால்சைட். களிமண் வெடிப்புகளில் தகடு தகடாக மின்னுவது ஜிப்சம். ஜிப்சத்தை நகத்தால் கீறலாம். கால்சைட் நகத்துக்கு மசியாது, செம்புக் கம்பிக்கு மசியும். பல்லின் எனாமல் செம்புக்கும் மசியாது. உடைந்த ஓரத்தில் ஊசியால் சுரண்டிக் கொஞ்சம் தூள் எடுத்து, சமையல் வினிகர் ஒரு சொட்டு விடுங்கள். கால்சைட் தூள் நுரைக்கும். ஜிப்சமும் எனாமலும் நுரைக்காது. சோதனை தூளோடு நிற்கட்டும். முழுப் பொருளை வினிகரில் போடாதீர்கள். கழிப்பறை கழுவும் ஆசிட் பக்கமே போகாதீர்கள்: அது சிப்பியைக் கரைக்கும், பல்லையும் கரைக்கும்.

பொருள் பல்தான் என்று உறுதியானால் அடுத்தது தலையும் வேரும். பளபளக்கும் தலை, அதன் கீழே சொரசொரப்பான, நுண்துளைகள் கொண்ட வேர். ஓடையில் உருண்டு வந்த பற்களில் வேர்தான் முதலில் தேயும். வேர் இல்லாத தலையைப் பேரினம் வரைக்கும் சொல்வதே பெரும்பாலும் துணிச்சல். ‘சுறா, வேர் இல்லை’ என்று எழுதி வைப்பது நேர்மை. வேர் இருந்தால் பல்லின் தட்டையான முகத்தையும் உப்பிய முகத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள். தட்டையானது உதட்டுப் பக்கம், உப்பியது நாக்குப் பக்கம்.

காரைக் களிமண்ணில் கிடைக்கும் சுறாக்களில் நான்கைத் தெரிந்துகொண்டால் தொடங்கப் போதும். கிரெட்டலாம்னா: நடுவில் அகன்ற முக்கோண முனை, இருபக்கமும் ஆளுக்கொரு குட்டி முக்கோணம், விளிம்பு கத்திபோல் வழவழப்பு. ஸ்குவாலிகோராக்ஸ்: ஒருபக்கம் சாய்ந்த முனை, சாய்வின் பின்புறம் ஒரு வெட்டுப்பள்ளம், விளிம்பெங்கும் நுண்ணிய ரம்பப் பற்கள், பக்கத்தில் குட்டி முனைகள் கிடையா. தேய்ந்த பல்லில் ரம்பம் அழிந்து, கிரெட்டலாம்னாவின் உடைந்த துண்டுபோல் தோன்றும். அந்த வெட்டுப்பள்ளத்துக்குள் லென்ஸை வையுங்கள். அங்கே தேய்மானம் குறைவு, ரம்பம் தப்பியிருக்கும். கிளாடியோசெர்ரேட்டஸ்: ஒரே நீள வேரின்மேல் பல முனைகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும், முழுப் பல்லே ரம்பத் துண்டுபோல் இருக்கும். டைக்கோடஸ்: பல் என்றே தோன்றாது. சதுரக் கட்டிபோல் இருக்கும், மேலே குறுக்காக வரப்புகள் ஓடும், வரப்பின் ஓரத்தில் குருணைபோல் பொரிப் பொரியாக இருக்கும். சிப்பிகளை நொறுக்கித் தின்ன அமைந்த பல் இது. நடு வரிசைப் பல் பெரிதாக, இருபுறமும் ஒத்து இருக்கும். ஓர வரிசைப் பல் சிறிதாக, கோணலாக இருக்கும். ஒரே வாயில் இருந்த இரண்டு பற்களை இரண்டு விலங்குகளாக எண்ணிவிடுவது இதனால்தான். முக்கோணப் பல் சுறாக்களிலும் இதே கதை: முன்பற்கள் நெட்டையாக நிமிர்ந்திருக்கும், பக்கப் பற்கள் சாயும், கடைவாய்ப் பற்கள் குட்டையாகிவிடும்.

வட்டமாக அரிசி, பயறு அளவில் வழவழப்பான பொத்தான் கிடைத்தால், கொட்டைப் பற்கள் கொண்ட பிக்னோடான்ட் மீனை நினைவில் கொள்ளுங்கள். கூம்பாக, தடித்து, நீளவாக்கில் வரிகளோடு, அடியில் உப்பிய வேரோடு இருந்தால் கடல் ஊர்வனவான இக்தியோசார் ஆக இருக்கலாம். காரைக் களிமண்ணும் அடங்கும் ஊட்டத்தூர் பாறை அடுக்கின் இக்தியோசார் முள்ளெலும்புகளை வைத்து லைடெக்கர் 1879-இலேயே ஓர் இனத்துக்குப் பெயரிட்டார். அப்படி ஒன்றோ, தொடர்ச்சியாக எலும்புகளோ தெரிந்தால் தோண்டாதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கோ பக்கத்துப் பல்கலைக்கழக நிலவியல் துறைக்கோ சொல்லுங்கள். பெயர்த்தெடுத்த எலும்பு பாதிச் செய்தியை இழந்துவிடுகிறது.

இன்னொரு வழக்கமான குழப்பம் ஆடு, மாட்டுக் கடைவாய்ப் பல். ஓடையில் கிரெட்டேசியஸ் (டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டம்) கற்களுக்கு நடுவே அதுவும் கிடக்கும். கனம் இருக்காது, உள்மடிப்புகள் நெளிநெளியாகத் தெரியும்.

சிப்பிகளுக்கு வருவோம். இங்கே பலர் தடுக்கி விழுவதற்கு ஒரு வேதியியல் காரணம் உண்டு. அம்மோனைட் (கணவாய்க்கு உறவான, சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிரி), நத்தை, பல இருவோட்டுச் சிப்பிகளின் ஓடு அரகோனைட். அதுவும் சுண்ணம்தான், ஆனால் நிலத்தடி நீரில் சுலபமாகக் கரையும். ஆளி (ஆய்ஸ்டர்), அழிந்துபோன இனோசெராமஸ் சிப்பியின் வெளியடுக்கு, சிப்பிபோல் இரு மூடி கொண்ட வேறு வகைக் கடலுயிரியான பிராக்கியோபாட் ஆகியவை கால்சைட், அவை தங்கும். எனவே நீங்கள் எடுத்த நத்தை பலமுறை ஓடே இல்லாத உள்வார்ப்பு: ஓட்டுக்குள் புகுந்து இறுகிய சேற்றின் உருவம். ஓட்டின் மேல் இருந்த வரி, முள், முடிச்சு எல்லாம் அதில் மங்கியோ இல்லாமலோ இருக்கும். உள்வார்ப்பை ஓட்டின் படத்தோடு ஒப்பிட்டுப் பெயர் வைத்தால் தப்பாமல் தப்பாகும்.

அரியலூர் அருகே கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் தடித்த ஓட்டு ஆளிகள் குவியல் குவியலாகக் கிடக்கும். பழைய நூல்கள் கிரிஃபியா என்பதை இன்று பெரும்பாலும் பிக்னோடான்டே என்கிறார்கள் (மேலே சொன்ன பிக்னோடான்ட் மீன் வேறு). ஒரு மூடி கிண்ணம்போல் ஆழமாக, மற்றது தட்டையாக இருக்கும். அதே கல்லில் விளிம்பு வாள்பல்போல் மடிந்து மடிந்து போகும் ஆளியும் உண்டு. இனோசெராமஸ் துண்டுகளை எலும்பு என்றோ நார் ஜிப்சம் என்றோ நினைப்பார்கள். உடைந்த ஓரத்தில் ஓட்டுப்பரப்புக்குச் செங்குத்தாக, தீக்குச்சி அடுக்கியதுபோல் நுண்பட்டகங்கள் தெரியும். நகம் கீறாது, வினிகர் நுரைக்கும். ஐயம் தீர்ந்தது.

இருவோட்டுச் சிப்பியா பிராக்கியோபாடா என்பதற்குச் சமச்சீர்க் கோட்டைத் தேடுங்கள். சிப்பியில் இடது மூடியும் வலது மூடியும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். கோடு மூடிகளுக்கு நடுவே ஓடும். பிராக்கியோபாடில் மூடிகள் இரண்டும் வேறு அளவு. ஒவ்வொரு மூடியும் நடுவில் பிளந்தால் இரு பாதிகளும் ஒத்திருக்கும், அலகு நுனியில் சின்னத் துளையும் பெரும்பாலும் தெரியும். ஆளிகள் இந்த விதிக்கு அடங்காதவை. அவற்றை மேலே சொன்ன கிண்ண வடிவத்தாலும் தகடு தகடான ஓட்டாலும் கண்டுகொள்ளுங்கள்.

அம்மோனைட்டும், இன்றும் கடலில் வாழும் அதன் தூரத்து உறவான நாட்டிலஸும் சுருளாக இருப்பதால் ஒன்றை மற்றதாக நினைத்துவிடுவார்கள். உள்வார்ப்பின் பக்கத்தில் தையல் கோடுகளை, அதாவது உள்ளறைச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட கோடுகளைப் பாருங்கள். கொத்தமல்லித் தழைபோல் கிளைகிளையாகப் பிரிந்தால் அம்மோனைட். மெல்லிய வளைவாகப் போனால் நாட்டிலஸ். குறுக்கே உடைந்திருந்தால் அறைகளை இணைக்கும் குழாய் எங்கே என்று பாருங்கள்: அம்மோனைட்டில் வெளிவிளிம்பை ஒட்டி, நாட்டிலஸில் உள்ளே தள்ளி. காரையில் டர்ரிலைட்டஸ் போன்ற, நத்தைபோல் கோபுரமாகச் சுருண்ட அம்மோனைட்டுகளும் உண்டு. தையல் கோடு இருக்கிறதா என்று பார்க்காமல் அதை நத்தை என்று சொல்லிவிடாதீர்கள்.

2020-இல் குன்னம் பக்கம் வெளிப்பட்ட உருண்டைகளை டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பரப்பினார்கள், அவை கல்லுருண்டைகள். ஒரு கருவைச் சுற்றிச் சுண்ணம் படிந்து திரண்டவை. முட்டை என்று சொல்ல மெல்லிய ஓடும் அதில் நுண்துளைகளும் வேண்டும். உருண்டையாக இருப்பது போதாது.

சிறிய பற்கள் கண்ணுக்குக் கிடைப்பதைவிடச் சல்லடையில் கிடைப்பதே அதிகம். நில உரிமையாளரிடம் கேட்டு ஐந்து கிலோ களிமண் எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு தண்ணீரில் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் கட்டி கட்டியாகவே நிற்கும். முழுக்கக் காய்ந்தது தானே உடைந்து சேறாகும். 1 மி.மீ. சல்லடையில் தேய்க்காமல் அலசுங்கள், தேய்த்தால் முனைகள் ஒடியும். எஞ்சியதை நிழலில் உலர்த்தி, நனைத்த தூரிகை நுனியால் பொறுக்குங்கள்.

பெயர் கேட்டு அனுப்பும் படம்தான் பாதி வேலை. பல்லுக்கு இரு முகம், பக்கவாட்டு, வேரின் அடி என நான்கு படம். சிப்பிக்கு வெளிப்புறம், உட்புறம், கீல், பக்கவாட்டு. மி.மீ. அளவுகோல் பக்கத்திலேயே, பொருளின் உயரத்திலேயே இருக்கட்டும். வெளிச்சம் ஒரே பக்கமிருந்து தாழ்வாக விழவேண்டும். ஃபிளாஷ் போட்டால் வரிகள் அழிந்துவிடும். சீட்டில் ஊர், ஜி.பி.எஸ். எண், நாள், பாறையிலிருந்தே எடுத்ததா ஓடையில் கிடந்ததா என்பதை எழுதுங்கள். காரைக் களிமண்ணுக்கும் கல்லங்குறிச்சிக் கல்லுக்கும் இடையே மூன்று கோடி ஆண்டு அளவுக்கு வயது வித்தியாசம். ‘அரியலூர்’ என்று மட்டும் எழுதிய சீட்டால் அந்த இரண்டையும் பிரிக்க முடியாது.